கடிதம் படித்துக் கொடுப்பவர்: இணைய உலாவிகளை ஒப்பிட்டு ஒரு வியாபாரியின் கட்டுரை

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் தம் கைப்பேசியை என் முன்னே நீட்டினார். "நயினாரே, இன்டர்நெட் பார்க்கிறதுக்கு இதுல மூணு படம் இருக்கு. எதை அமுக்கினாலும் அதே பேப்பர்தான் வருது. அப்புறம் எதுக்கு மூணு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமானது. அதற்கு அன்று என்னால் சரியாகப் பதில் சொல்லவும் முடியவில்லை.

இந்த மலருக்கு வழக்கம்போல் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகளைப் பற்றித்தான் எழுதுவேன் என்று மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். இம்முறை அந்த மூன்று படங்களைப் பற்றி எழுதுகிறேன். நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். பூலேஷ்வரில் எவர்சில்வர் பாத்திரம் விற்றுப் பிழைத்தவன். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தேடிப் படிப்பவன். அந்தப் பழக்கத்தில் பட்ட அனுபவமும், அதையொட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதுமே இக்கட்டுரை.

உலாவி செய்யும் வேலை

எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்குக் கடிதம் வந்தால் தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து படித்துச் சொல்வார். பம்பாய்க்குப் பிழைக்க வந்தவர்களின் வீட்டுக் கடிதங்களை நானும் பலருக்குப் படித்துக் கொடுத்திருக்கிறேன். உலாவி, அதாவது பிரவுசர் செய்வதும் இந்த வேலைதான்.

இணையப் பக்கம் என்பது நாம் திரையில் பார்க்கும் வடிவத்திலேயே வந்து சேர்வதில்லை. 'இது தலைப்பு, இது பத்தி, இங்கே ஒரு படம், இந்த எழுத்துரு, இந்த நிறம்' என்று குறிப்புகள் எழுதிய ஒரு கடிதமாகத்தான் எங்கோ ஒரு கணிப்பொறியிலிருந்து வருகிறது. அதைப் படித்துப் புரிந்துகொண்டு நம் திரையில் வரைந்து காட்டுவது உலாவி. கடிதம் ஒன்றுதான். படிப்பவர் வேறு வேறு.

கடிதம் படித்துக் கொடுக்க ஒருவரைத் தேடும்போது மூன்று விஷயம் பார்ப்போம். ஒன்று, பிழையில்லாமல் படிக்கிறாரா? இரண்டு, கடிதத்தில் இருப்பதை ஊரெல்லாம் போய்ச் சொல்லாமல் இருக்கிறாரா? மூன்று, அவர் ஒருவர்தான் ஊரில் இருக்கிறாரா, இல்லை வேறு ஆளும் உண்டா? மூன்றாவதைச் சாதாரணமாக யாரும் யோசிப்பதில்லை. ஆனால் வியாபாரிக்கு அதுதான் முதலில் தோன்றும். சந்தையில் ஒரே கடை இருந்தால் விலையும் அவன் சொன்னதுதான், எடையும் அவன் சொன்னதுதான்.

சுருக்கமாக ஒரு வரலாறு

முதல் உலாவியை 1990-இல் டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதினார். 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசன் முதலானோர் எழுதிய மொசைக் என்ற உலாவிதான் இணையத்தைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது. ஆண்ட்ரீசன் அங்கிருந்து வெளியேறி, 1994-இல் நெட்ஸ்கேப் வந்தது. 1995 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை வெளியிட்டது. அதே மாதம் 15-ஆம் தேதிதான் நம் நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது.

நெட்ஸ்கேப்பைத் தேடி எடுத்துப் போட வேண்டும். எக்ஸ்ப்ளோரரோ விண்டோஸோடு இலவசமாக, ஒட்டியே வந்தது. குழம்பு வாங்கினால் சோறு இலவசம் என்றால் தனியாகச் சோறு விற்பவன் கதி என்ன? நெட்ஸ்கேப் விழுந்தது. இதை எதிர்த்து 1998-இல் அமெரிக்க அரசே மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டது. விழுகிற நேரத்தில் நெட்ஸ்கேப் ஒரு நல்ல காரியம் செய்தது. 1998 மார்ச்சில் தன் நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டது. அந்த விதையிலிருந்து மொசில்லா முளைத்து, 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளிவந்தது. தமிழன்பர்கள் அதை 'நெருப்பு நரி' என்று செல்லமாக அழைத்தார்கள். இதற்கிடையே 2003-இல் ஆப்பிளின் சஃபாரியும், பின்னர் 2008 செப்டம்பரில் கூகுளின் குரோமும் வந்தன. எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15-உடன் ஓய்வு பெற்றது. அதன் இடத்தில் இப்போது எட்ஜ் இருக்கிறது.

முதல் சோதனை: பிழையில்லாமல் படித்தல்

பவணந்தி முனிவரும் அமிதசாகரரும் பிறந்த சமயத்தில் வந்தவர்கள் நாங்கள். எழுத்து உடைந்தால் மனம் பொறுக்காது. தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டில் எழுத்துகள் பட்ட பாடு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. மாட்டுங்காவில் ஓர் இணைய மையத்தில் உட்கார்ந்து அதில் நாலடியாரை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் பார்ப்பது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. டிஸ்கி என்ற குறியீட்டுக்கு ஏற்ற எழுத்துருவை முதலில் இறக்க வேண்டும். பிறகு உலாவியின் பட்டியலில் எழுத்துக்குறியீடு என்ற இடத்துக்குப் போய் 'பயனர் வரையறுத்தது' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தித் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துரு வைத்திருந்தன. பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கி வரும் 'இயங்கு எழுத்துரு' முறை பிறகு வந்தது. அதிலும் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகைக் கோப்பு. ஒன்று மற்றொன்றில் ஓடாது.

இந்தச் சிக்கலில் நானே மாட்டிக்கொண்டேன். 1999 முதல் 2005 வரை, கடையை அடைத்த பிறகு இரவுகளில் உட்கார்ந்து, ஸ்ரீபுராணத்தில் வரும் அருஞ்சொற்களுக்கு விளக்கம் எழுதிவந்தேன். டிஸ்கி எழுத்தில் ஏறத்தாழ நானூறு பக்கம் தட்டியிருப்பேன். இணையப் பக்கங்களாகவே குறுந்தகட்டில் சேமித்தேன். 2007-இல் பழைய கணிப்பொறி படுத்துவிட்டது. புதியது வாங்கி, குறுந்தகட்டைப் போட்டுத் திறந்தால் ஓரெழுத்துகூடத் தமிழில் இல்லை. தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் திரை நிறைய வந்து நின்றது. எழுத்துரு பழைய கணிப்பொறியோடு போயிருந்தது. விற்ற கடைக்காரர் பார்த்துவிட்டு, "பைல் கெட்டுப் போச்சு சேட்ஜி, புதுசா அடிச்சுக்குங்க" என்றார். ஆறு வருஷத்து இரவுகளை எப்படிப் புதிதாக அடிப்பது? அன்று நான் சாப்பிடவில்லை என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவார்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், பொறியியல் படித்துக்கொண்டிருந்தவன், வந்து பார்த்தான். "அங்கிள், பைல் கெடலை. படிக்கிறவனுக்குத்தான் படிக்கத் தெரியலை" என்றான். ஃபயர்ஃபாக்ஸை இறக்கி, அதில் பத்மா என்ற நீட்சியைச் சேர்த்தான். பழைய இந்திய எழுத்துருக்களில் எழுதிய பக்கங்களை யூனிகோடு எழுத்துக்கு மாற்றிக் காட்டுவதற்காக ஆர்வலர்கள் எழுதி இலவசமாக வெளியிட்ட சிறு நிரல் அது. ஒரு சொடுக்கு. 'அருகன்' என்ற சொல் திரையில் வந்தது. அதே கடிதம்தான், படித்தவர் மாறினார், அவ்வளவே.

இதனால் ஃபயர்ஃபாக்ஸில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்து ஃபயர்ஃபாக்ஸில், இருபுறமும் ஓரம் சீராக நிரப்பிய பத்தியாக இருந்தால் தமிழ் எழுத்துகள் பிரிந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகக் கிடக்கும். 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது தீர்ந்தது. எக்ஸ்ப்ளோரரில் அந்தக் கோளாறு இல்லை.

இன்றைய நிலை என்ன? யூனிகோடு எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. குரோம், எட்ஜ், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் எதில் திறந்தாலும் தமிழ் உடையாமல் வருகிறது. யூனிகோடில் 2014-இல் சேர்ந்த கிரந்த எழுத்துகளும் உரிய எழுத்துரு இருந்தால் ஒழுங்காக வருகின்றன. மணிப்பிரவாள நூல் படிக்கும் என் போன்றவர்களுக்கு இது பெரிய வரம். வேகத்திலும் நம் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. ஆக, முதல் சோதனையில் நால்வரும் தேர்ச்சி. கூடுதல் மதிப்பெண் எட்ஜுக்கு. அதில் பக்கத்தை உரக்கப் படிக்கும் வசதி உண்டு. தமிழுக்கு 'வள்ளுவர்' என்று ஓர் ஆண் குரலும் 'பல்லவி' என்று ஒரு பெண் குரலும் வைத்திருக்கிறார்கள். கண் பார்வை மங்கிய நம் உறுப்பினர்களுக்கு இதை மனமாரச் சிபாரிசு செய்கிறேன்.

இரண்டாம் சோதனை: வாயைக் காத்தல்

கடைத்தெருவில் ஒரு கடைக்குள் போகிறீர்கள். கடைக்காரர் உங்களை அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு டோக்கன் தருகிறார். அடுத்த முறை அதைக் காட்டினால், 'வாங்க, போன தடவை பார்த்த அதே குடமா?' என்பார். இது குக்கீ. இதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கடைக்குள் முன்பின் தெரியாத ஒருவன் நின்றுகொண்டு, தானும் ஒரு டோக்கனை உங்கள் பையில் போடுகிறான். அதே ஆள் நகைக்கடையிலும், மருந்துக்கடையிலும், ஜோதிடர் வாசலிலும் நிற்கிறான். ஒவ்வோரிடத்திலும் உங்கள் பையைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறான். மாலைக்குள் நீங்கள் எங்கெங்கே போனீர்கள், என்ன நோய், என்ன கவலை என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. இதற்கு மூன்றாம் தரப்புக் குக்கீ என்று பெயர். அவன் அந்தக் குறிப்பை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகிறான்.

எங்கள் சமயத்தில் இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களில் ஒன்று களவு செய்யாமை. களவு என்பதற்குப் பழைய நூல்கள் தரும் இலக்கணம், 'கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வது' என்பது. பூட்டை உடைத்தால்தான் திருட்டு என்றில்லை. கேட்காமல் எடுத்தாலே திருட்டு.

இந்த ஆளைக் கடைக்குள் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய உலாவியால் முடியும். ஃபயர்ஃபாக்ஸ், தெரிந்த வேவுக் குக்கீகளை 2019 முதல் தானாகவே தடுக்கிறது. 2022-இலிருந்து ஒவ்வொரு தளத்தின் டோக்கனையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைக்கிறது. சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதுமே தடுத்துவிட்டது. குரோமும் இரண்டு ஆண்டுக்குள் ஒழிப்போம் என்று 2020-இல் அறிவித்தது. தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. குரோமை நடத்தும் நிறுவனத்தின் பெரும் வருமானம் விளம்பரத்தில் வருகிறது. கடிதம் படிப்பவரே கடிதச் செய்தியை விற்கும் கடையும் வைத்திருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சங்கடம் சங்கடம்தான்.

விளம்பரத் தடுப்பு நீட்சியிலும் இதே கதை. யூபிளாக் ஆரிஜின் என்ற புகழ்பெற்ற நீட்சி, குரோம் தன் விதிகளை மாற்றியதால் 2024, 2025 ஆண்டுகளில் அங்கே செயலிழந்தது. ஃபயர்ஃபாக்ஸில் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் ஃபயர்ஃபாக்ஸிலும் ஓடுகிறது.

நம் உறுப்பினர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 'இன்காக்னிட்டோ' என்ற தனிப்பட்ட சாளரத்தில் போனால் யாருக்கும் தெரியாது என்று சிலர் நம்புகிறார்கள். தவறு. உங்கள் கணிப்பொறியில் தடம் இருக்காது, அவ்வளவுதான். இணைப்புத் தருபவருக்கும், போகும் தளத்துக்கும் தெரியத்தான் தெரியும். இரண்டாவது, முகவரிக்கு முன்னால் உள்ள பூட்டுப் படம். அது வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு அடையாளமே தவிர, எதிரே இருப்பவன் யோக்கியன் என்பதற்கு அல்ல. மோசடிக்காரன் தளத்திலும் பூட்டு இருக்கும். இந்தத் தவறான நம்பிக்கை பரவியதால்தான் குரோம் 2023-இல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. வங்கித் தளத்துக்குப் போகும்போது முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

மூன்றாம் சோதனை: ஊரில் ஒருவர் மட்டுமா?

கடையில் பல பெயர்களில் பத்து உலாவிகள் கிடைக்கின்றன. ஆனால் பாத்திரக் கடையில் நமக்குத் தெரியும், முத்திரை வேறாக இருந்தாலும் பட்டறை ஒன்றாக இருக்கலாம். உலாவியின் உள்ளே இருந்து பக்கத்தை வரைவது எந்திரம். குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றிலும் ஓடுவது கூகுள் முன்னின்று நடத்தும் பிளிங்க் என்ற ஒரே எந்திரம். ஓபரா 2013-இல் தன் சொந்த எந்திரத்தைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்டும் தன்னுடையதைக் கைவிட்டு 2020 ஜனவரியில் அதே பட்டறைக்கு வந்தது. சஃபாரியில் வெப்கிட். ஃபயர்ஃபாக்ஸில், நெட்ஸ்கேப் வழிவந்த கெக்கோ. பெரிய எந்திரங்கள் இந்த மூன்றே.

என் பேத்தி ஒரு நாள் என்னைத் திருத்தினாள். "தாத்தா, என் ஐபோன்ல நெருப்பு நரி போட்டாலும் உள்ளே ஓடுறது சஃபாரியோட எந்திரம்தான். ஆப்பிள் வேற எதையும் விடறதில்லை" என்றாள். விசாரித்தேன். நம் நாட்டு ஐபோன்களுக்கு அவள் சொன்னது சரிதான்.

எல்லோரும் ஒரே எந்திரத்துக்குப் போனால் என்ன குடிமுழுகிவிடும்? இரண்டு உதாரணம் சொல்கிறேன். எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்பு 2001-இல் வந்தது. அந்தக் காலகட்டத்தில் உலகில் மிகப் பெரும்பாலோர் எக்ஸ்ப்ளோரரைத்தான் பயன்படுத்தினார்கள். போட்டி இல்லை. ஏழாம் பதிப்பு எப்போது வந்தது தெரியுமா? 2006 அக்டோபரில். அதுவும் ஃபயர்ஃபாக்ஸ் வந்து ஆட்களை இழுத்த பிறகு. ஐந்து வருஷம் உலகமே ஒரே பழைய பதிப்பில் கிடந்தது.

இரண்டாவது தென் கொரியா. 1990-களின் இறுதியில் அந்த நாடு வங்கி வேலைகளுக்குத் தனியாக ஒரு மறையாக்க முறையை வகுத்தது. அது எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடும் ஆக்டிவ் எக்ஸ் நிரல் வழியாக நடந்தது. விளைவு, வேறு உலாவி வைத்திருப்பவர் பணம் அனுப்ப முடியாது. உலகம் மாறிப் பல ஆண்டு ஆன பிறகும் அந்நாட்டவர் அதிலேயே மாட்டிக்கொண்டு தவித்தார்கள். நமக்கும் இது புதிதல்ல. வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ஓர் அலுவலகத் தளத்துக்குப் போய், 'எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கவும்' என்ற அறிவிப்பின் முன்னே நான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். இப்போது சில தளங்கள் குரோமில் மட்டும் வா என்கின்றன. ஆள்தான் மாறியிருக்கிறார்.

ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் பார்த்தால் முழு உண்மை கிடைக்காது என்பது எங்கள் அநேகாந்தக் கொள்கை. இணையப் பக்கத்துக்கும் அது பொருந்தும். மூன்று எந்திரங்கள் படித்துப் பார்த்து ஒரே மாதிரி வந்தால்தான் அந்தப் பக்கம் பொது விதிப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று நம்பலாம்.

என் தேர்வு

நான் தேர்ந்தெடுத்திருப்பது ஃபயர்ஃபாக்ஸ். என் குறிப்பேடுகளை மீட்டுக் கொடுத்த நன்றி ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் நன்றிக்காக மட்டும் சரக்கு வாங்கக் கூடாது. எழுத்தில் மற்றவற்றுக்குச் சமம், வாயைக் காப்பதில் மேல், மூன்றாவது பட்டறையை உயிரோடு வைத்திருப்பதில் தனி. இதுதான் என் கணக்கு.

எதிர்ப்பக்கத்தையும் எழுதினால்தான் பேரேடு நேராகும். இன்று உலகில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துவதில்லை. குரோமை அறுபதுக்கு மேல் பயன்படுத்துகிறார்கள். ஆகவே சில தளங்கள் ஃபயர்ஃபாக்ஸில் முரண்டு பிடிக்கும். 2017 நவம்பரில் அது புதுப்பிக்கப்பட்டபோது பத்மா போன்ற பழைய நீட்சிகள் நின்றுபோயின. அதற்குள் என் நானூறு பக்கத்தையும் யூனிகோடுக்கு மாற்றி முடித்திருந்தேன், தப்பித்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தன் தேடுபொறியை முன்னிருப்பாக வைப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம். போட்டிக் கடைக்காரர் கொடுக்கும் வாடகையில் நடக்கும் கடை! தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோமை விற்றுவிட வேண்டும் என்ற அரசுத் தரப்பின் கோரிக்கையை 2025 செப்டம்பரில் நீதிபதி ஏற்கவில்லை. இப்படிப் பணம் கொடுப்பதையும் முற்றாகத் தடுக்கவில்லை. ஆகவே அந்தக் கடை இன்னும் நடக்கிறது.

அன்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். கணிப்பொறியில் இரண்டு உலாவி வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் படிக்க ஒன்று, முரண்டு பிடிக்கும் தளத்துக்கு இன்னொன்று. வங்கி வேலையை எதில் செய்கிறீர்களோ, அதில் கண்ட நீட்சிகளைச் சேர்க்காதீர்கள். பேரப் பிள்ளைகள் எதைப் போட்டுக் கொடுத்தாலும், பதிப்பைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் தட்டி வைத்த கவிதையோ, குடும்ப வரலாறோ, சங்கத்துப் பழைய அறிக்கையோ வீட்டில் குறுந்தகட்டில் இருந்தால் இந்த வருஷமே எடுத்து யூனிகோடுக்கு மாற்றி விடுங்கள். நேரமில்லாதவர்கள் என்னிடம் கொண்டுவாருங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து மாற்றித் தருகிறேன்.

வெற்றிலைப் பந்தியில் கேட்ட அந்த மூத்தவருக்கு என் பதில்: ஐயா, மூன்று படமும் ஒரே கடிதத்தைத்தான் படிக்கின்றன. ஆனால் படித்த பிறகு யார் யாரிடம் போய்ச் சொல்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். உங்கள் கைப்பேசியை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நெருப்பு நரியை நானே போட்டுத் தருகிறேன். மற்ற இரண்டையும் எடுக்க வேண்டாம், இருக்கட்டும்.